ஹாஸ்டலுக்கு எத்தனை மார்க்?

அடுத்த தெருக்காரர் ஒருவர் போன வாரம் சாயங்கால நடையில் என்னை மடக்கினார். பெண்ணுக்கு அமெரிக்காவில் காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. கவலை அதில்லை. ஹாஸ்டல் பாரத்தில் 'லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி' என்று ஒரு கட்டம். ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளை ஒரே மாடியில் தங்கவைத்து, சில வகுப்புகளையும் சேர்ந்தே படிக்கவைத்து, சாப்பாட்டு மேஜைக்கு அவ்வப்போது பேராசிரியரையும் வரவழைக்கிற ஏற்பாடு. அதற்குத் தனிக் கட்டணம்.

"ஏன் ஸார், ஹாஸ்டல்ல இருந்ததால என்ன கத்துக்கிட்டான்னு எப்படி அளப்பாங்க? மெஸ் சாப்பாட்டுக்கா மார்க் போடுவாங்க?"

நியாயமான கேள்வி. அமெரிக்கர்களே இதில் வெகுநாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுலபமான வழி, பிள்ளைகளையே கேட்டுவிடுவது. 2004-லும் 2007-லும் நாடு தழுவிய பெரிய சர்வே நடத்தினார்கள். இந்த ரக ஹாஸ்டல்காரர்கள், சாதா ஹாஸ்டல்காரர்கள், இரண்டு தரப்புக்கும் கேள்வித்தாள். 'உன் சிந்தனை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, நீயே சொல்' என்கிற பாணி. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. கல்யாண வீட்டில் கை நனைத்துவிட்டு வாசலுக்கு வருகிறவரிடம் பெண்ணைப் பெற்றவரே 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. படிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைதான் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறது. பிறகு அது நன்றாகப் படித்தால் புகழ் யாருக்கு? ஹாஸ்டலுக்கா, வீட்டிலிருந்து கொண்டுபோன மூளைக்கா? அலெக்ஸாண்டர் ஆஸ்டின் என்ற கல்வி ஆய்வாளர் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். உள்ளே வரும்போது எடை பாருங்கள், வெளியே போகும்போதும் பாருங்கள், நடுவில் என்ன போட்டு வளர்த்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள் என்று.

டார்ட்மத் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ரூம்மேட்டைக் கிட்டத்தட்ட குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். 'நல்ல பிள்ளை நல்ல பிள்ளையோடு சேர்ந்துகொண்டது' என்ற சாக்கு அங்கே செல்லாது. புரூஸ் ஸாசர்டோட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதை வைத்து 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார். ரூம்மேட்டைப் பொறுத்து முதல் வருஷ மார்க் கொஞ்சம் மாறுகிறது. ஆனால் அந்தத் தொற்று அறைக் கதவோடு நின்றுவிடுகிறது. 'ஃப்ரெட்டர்னிட்டி' எனப்படும் கோஷ்டிகளில் சேருகிற ஆசை மட்டும் கட்டடம் முழுக்கப் பரவுகிறது! ஹாஸ்டலில் நாலு நாள் இருந்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. செகண்ட் ஷோ போகிற யோசனை ஒரு ரூமோடு என்றைக்கு நின்றிருக்கிறது? எந்தப் பாடத்தை மேஜராக எடுப்பது என்பதில் மட்டும் ரூம்மேட்டின் பாச்சா பலிக்கவில்லையாம்.

"அப்போ பணம் கட்டட்டுமா, வேணாமா?" என்றார் அவர்.

"கட்டுங்க. ஆனா பொண்ணு ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி நம்ம பேட்டையைப் பத்தி நாலு பக்கம் எழுதி வாங்கி வெச்சுக்குங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அதையே மறுபடி எழுதச் சொல்லுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிங்க."

முதல் பாதி ஆஸ்டின் உபயம். மறுபாதி இன்னும் பழசு. 1927-ல் விஸ்கான்ஸின் யுனிவர்சிட்டியில் அலெக்ஸாண்டர் மைக்கிள்ஜான் என்பவர் 'எக்ஸ்பெரிமென்டல் காலேஜ்' ஆரம்பித்தார். பையன்கள் மட்டும். ஏரிக்கரையில் ஆடம்ஸ் ஹால் என்ற ஹாஸ்டல்; பாடம் நடத்துகிறவர்களுக்கும் அதே கட்டடத்தில் அறை. கட்டாய வகுப்பு கிடையாது, செமஸ்டர் மார்க் கிடையாது. மற்ற துறைகள் முணுமுணுத்தன, சேர்க்கை குறைந்தது, பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1932-ல் மூடிவிட்டார்கள்.

முதல் வருஷம் முழுக்கப் பழைய ஏதென்ஸ். இரண்டாம் வருஷம் அமெரிக்கா. அதற்குள் ஒவ்வொரு பையனும் தன் சொந்த ஊரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியாக வேண்டும். பிழைப்பு எதில், அதிகாரம் யார் கையில், ஊர் எதை நம்புகிறது, எல்லாம் வர வேண்டும். பிளேட்டோ படித்த கண்ணால் சொந்த ஊர்க் கடைத்தெருவைப் பார்க்க வருகிறதா என்பதுதான் பரீட்சை. மனப்பாடம் உதவாது. காப்பி அடிக்கவும் வழியில்லை. பக்கத்து ரூம்காரனுக்கு ஊர் வேறு.