செக் என்ஜின் லைட் எரியுதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி எரர் கோடைக் கேளுங்க

சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து ஒரு பழைய மாருதி ஸென்னோ எஸ்டீமோ வாங்கி ஓட்டுறவங்களுக்கான பதிவு இது.

செக் என்ஜின் லைட் எரிஞ்சதும் என்ன பண்றோம்? ஒர்க்‌ஷாப் போறோம். "சென்சார் போச்சு சார், மாத்தணும்"னு சொல்வாங்க. தலையாட்டிட்டு ஜிபே பண்றோம். என்னைக் கேட்டா, பில்லே பார்க்காம பணம் கட்டுறதும் இதுவும் ஒண்ணுதான்.

புது கார்களுக்கான புளூடூத் ஸ்கேனர் பழைய கார்கள் பலவற்றுல வேலை செய்யாது. ஆனா 2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ மாருதிகள் பலவற்றுல ஸ்கேனரே தேவையில்லை. சர்வீஸ் மேனுவல் சொல்ற டயக்னாஸ்டிக் டெர்மினலையும் கிரவுண்டையும் ஒரு சின்ன வயரால இணைச்சு, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. அந்த லைட்டே கண் சிமிட்டிப் பதில் சொல்லும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, ரெண்டு சிமிட்டல்னா 12. கம்ப்யூட்டர்ல எந்தக் குறையும் பதிவாகலைன்னு அர்த்தம். ஒண்ணு, இடைவெளி, நாலுன்னா 14. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட்டைப் பாருங்கன்னு அர்த்தம்.

'சர்க்யூட்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. சென்சார் செத்துப்போச்சுன்னு கோடு சொல்லலை. பிளக் கழண்டிருந்தாலும், வயர் அறுந்திருந்தாலும் இதே 14 வரலாம். ஆடிட்ல நாங்க எழுப்புற குவெரி மாதிரிதான் இது. குவெரி வந்ததும் யாரும் அபராதம் கட்ட மாட்டாங்க, முதல்ல வவுச்சரைத் தேடுவாங்க.

சென்சாரும் லேபரும் சேர்த்து 2,500 ரூபாய்னு வெச்சுக்குவோம். கழண்ட பிளக்கை அழுத்தி மாட்டினா தீர்ற விஷயத்துக்கு உங்க ஒரு மாச எஸ்ஐபி போயிடும். லைட் திரும்ப எரிஞ்சா அடுத்த சென்சார்!

ரெண்டு எச்சரிக்கை. கோடைக் குறிச்சுக்காம பேட்டரி வயரைக் கழட்டாதீங்க, பதிவு அழிஞ்சுடும். எந்த டெர்மினல்னு தெரியாம குத்துமதிப்பா வயர் சொருகாதீங்க, கம்ப்யூட்டரே போனா இன்னும் பெரிய செலவு. சந்தேகம்னா மெக்கானிக்கையே உங்க கண் முன்னாடி படிக்கச் சொல்லுங்க.

மெக்கானிக்கை நம்பாதீங்கன்னு நான் சொல்லலை. மூணே கேள்வி கேளுங்க: என்ன கோடு வந்துச்சு? வயரிங் செக் பண்ணீங்களா? மாத்தின பழைய பார்ட்டைத் தருவீங்களா? நல்ல மெக்கானிக் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா, வேற கடை பாருங்க.