உணவை மறுக்கும் பிள்ளைகளும் பழி சுமக்கும் பெற்றோரும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலும் அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் ஊர்களிலும் 'சாப்பிட்டாயா?' என்பதே அன்பின் முதல் வார்த்தை. அதுவே சில பிள்ளைகளின் செவியில் விசாரணையாக விழுகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தால் உணவைத் தவிர்ப்பதும், அளவுமீறி உண்டபின் வலிந்து வாந்தியெடுப்பதும் வெறும் பிடிவாதமல்ல. உயிரையே பறிக்கக்கூடிய உளநோய்கள். இந்நோயுற்றோரின் பேச்சில் பெற்றோர் பல வேளைகளில் தட்டைக் காவல் காக்கும் அதிகாரிகளாகவோ, 'குண்டாகிவிட்டாய்' என்று பலர் முன்னிலையில் பழித்தவர்களாகவோ தோன்றுகின்றனர்.

மருத்துவமும் இச்சித்திரத்துக்கு நீண்டகாலம் வலுவூட்டியது. 1873 இல் இந்நோய்க்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரைச் சூட்டிய லண்டன் வைத்தியர் வில்லியம் கல், உறவினரே இந்நோயாளரைப் பராமரிக்க மிகவும் பொருத்தமற்றவர்கள் எனக் கருதினார். 1978 இல் சல்வடோர் மினுச்சின் குடும்ப உறவின் இறுக்கத்தையே சுட்டினார். ஆயினும், பெற்றோரின் துணையுடனான சிகிச்சை இளம் நோயாளருக்குப் பயனளிப்பதை லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் ஆய்வு 1987 இல் காட்டியது. குடும்பமே நோயின் முதன்மைக் காரணம் என்ற கருத்தை இத்துறையின் சர்வதேச நிபுணர் அமைப்பு 2010 இல் வெளிப்படையாக நிராகரித்தது.

இதனால் பிள்ளைகளின் முறைப்பாடு பொய்யாகிவிடாது. உணவூட்டும் கையைப் பகைக்கச் செய்வது நோயின் இயல்பு. ஆனால் கலியாணப் பேச்சுக்காக உடலை அளந்து பேசும் நாவு நம்முடையது. அதனை அடக்குவது நம் கையிலேயே உள்ளது.

விரதமும் நோன்பும் போற்றப்படும் நமது சமூகங்களில் இந்நோய் எளிதில் மறைந்துகொள்ளும். நோயாளருக்கு நோன்பில் திருக்குர்ஆனே சலுகை வழங்கியுள்ளது. உடலை வருத்தி உயிரை இழக்குமாறு எந்த ஆலயமும் கேட்பதில்லை. எடை விரைந்து குறைதல், மயக்கம், மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் பெற்றோர் ஊராரின் வாய்க்கு அஞ்சி ஒளிக்கலாகாது. புளியந்தீவிலேயே போதனா வைத்தியசாலை உண்டு. தேசிய உளநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட அம்மாவும் அப்பாவும், உம்மாவும் வாப்பாவும் சிகிச்சையின் பங்காளிகளாக அழைக்கப்பட வேண்டும். அவர்களும் தம்மை நியாயப்படுத்துவதை விடுத்துப் பிள்ளை சொல்வதைச் செவிமடுக்க வேண்டும். யார் பிழை என்ற வழக்கு முடியும்வரை பசித்த உடல் காத்திராது என்பதே நாம் வலியுறுத்த விரும்புவதாகும்.