திருடனைப் பிடிக்கட்டும் சிறகுள்ள வீரர்கள்

1963இல் வெளிவந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இரண்டாவது இதழில் ஒரு காட்சி. பத்து லட்சம் டாலர் பெறுமான வைரங்களைப் பெட்டியில் வைத்துப் பட்டப்பகலில் தெரு வழியே எடுத்துச் செல்கிறார்கள். அதைப் பறித்துக்காட்டுவதாகச் சவால் விட்டிருக்கிறான் வல்ச்சர் என்ற சிறகு கட்டிய திருடன். போலீசாரும் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவனோ பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து பெட்டியை அபகரிக்கிறான்.

ஒரு பெட்டி, ஒரு தெரு, ஒரு கூட்டம். அந்தப் பக்கங்கள் இன்றும் படிக்கச் சுவையாக இருப்பதற்கு இந்த எளிமைதான் காரணம். 2018இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் பிரபஞ்ச உயிர்களில் பாதி அழிகிறது. அதற்கு அடுத்து வரும் படம் எதைப் பணயம் வைத்து நம்மைப் பதற வைக்கும்? சூப்பர்ஹீரோ கதைகள் மறுபடியும் திருட்டைத் தடுக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஏற்ற ஜோடி ஏற்கெனவே இருக்கிறது.

ஹாக்மேன் 1940 ஜனவரி தேதியிட்ட ‘ஃப்ளாஷ் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமானார். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத, டென்னிஸ் நெவில் வரைந்தார். 1961இல் ஃபாக்ஸும் ஓவியர் ஜோ கியூபர்ட்டும் அவரைப் புதிதாகப் படைத்தார்கள். தனகார் என்ற கிரகத்தின் போலீஸ் தம்பதியான ஹாக்மேன் கட்டார் ஹோலும் ஹாக்கேர்ள் ஷயேராவும், தப்பியோடிய குற்றவாளி ஒருவனைத் துரத்திக்கொண்டு பூமிக்கு வருகிறார்கள். அவனைப் பிடித்த பிறகும் திரும்பவில்லை. நம் ஊர்ப் போலீஸ் எப்படிப் புலனாய்வு செய்கிறது என்று கற்றுக்கொள்ளத் தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பகலில் அருங்காட்சியக வேலை. சிறகு மாட்டிக் கிளம்பும்போது கையில் எடுப்பது கதாயுதம், வலை, வில் போன்ற பழங்கால ஆயுதங்கள். பொதுச் சொத்தைப் பேணுவதும் அதைத் திருட வருபவனை மடக்குவதும் இவர்களுக்கு ஒரே கடமை.

ஹாக்மேனுக்கெனத் தனி இதழ் தொடங்கிய 1964இலேயே, நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நிஜமான கொள்ளை நடந்தது. அக்டோபர் 29 இரவு, காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல் வழியே திருடர்கள் புகுந்தார்கள். எச்சரிக்கை மணியின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இலங்கையில் கிடைத்த 563 காரட் நட்சத்திர நீலக்கல்லான ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’வும் களவுபோனது. அந்தக் கல் சில வாரங்களில் மயாமி பேருந்து நிலைய லாக்கரில் கிடைத்துவிட்டது. உடன் போன ‘ஈகிள்’ வைரம் கிடைக்கவே இல்லை.

திருட்டு அற்ப விஷயம், அதற்கு எதற்குச் சிறகு என்று கேட்பவர்கள் அந்த வைரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வெட்டிப் பிளந்த கல்லையும் உருக்கிய பொன்னையும் எந்தப் போலீசும் பழைய உருவில் மீட்டுத் தர முடியாது. டிக்கெட் வாங்கிப் பார்க்க வரும் பள்ளிக் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு. இழப்பு அந்தக் குழந்தைக்கும்தான்.

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் நடமாடிக்கொண்டிருந்தபோதே, லாரியில் பொருத்திய ஏணி லிஃப்டில் ஏறி மாடி ஜன்னலை அறுத்து உள்ளே நுழைந்தது ஒரு கும்பல். சில நிமிடங்களில் 8 கோடியே 80 லட்சம் யூரோ மதிப்புள்ள அரச நகைகளுடன் தப்பியது. ஓட்டத்தில் கைநழுவிய பேரரசி யூஜெனியின் கிரீடம் சேதமடைந்து வெளியே கிடந்தது. ஊழியர்கள் முதலில் பார்வையாளர்களைப் பத்திரமாக வெளியேற்றினார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. நகையைவிட உயிர் பெரிது.

நல்ல திருட்டுக் கதைக்கான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவருக்கும் கீறல் படக்கூடாது, கண்ணாடிப் பேழையும் உடையக்கூடாது, திருடனும் தப்பக்கூடாது. நகரத்தையே இடித்துத் தள்ளும் சண்டைக்குப் பலம் போதும். இதற்கோ நிதானமும் புத்தியும் வேண்டும். கூரைக்கும் கூட்டத்தின் தலைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் வேண்டும்.

2025இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் இசபெலா மெர்செட் ஹாக்கேர்ளாக நடித்திருக்கிறார். டிசி ஸ்டுடியோஸ் அவருக்குத் தனிப்படம் எடுப்பதாக இருந்தால், வேற்றுக்கிரகப் படையெடுப்பு எதுவும் வேண்டாம். ஒரு கண்காட்சியின் திறப்பு விழா, அரங்கு நிறைந்த கூட்டம், மேல்மாடி ஜன்னலில் வந்து உரசும் லிஃப்ட், இவை போதும். ஹாக்கேர்ளை அங்கே காப்பாளராக வேலைக்கு வைத்துக் கதையைத் தொடங்கட்டும்.