காடும் குளமும் கேட்கும் கல்வி

கலேவெலையை அடுத்த வஹகோட்டையில் அண்மையில் என் பழைய மாணாக்கர் ஒருவரைச் சந்தித்தேன். சிறுவயதில் இலையை முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்லும் ஆற்றல் வாய்ந்தவர் அவர். அந்நாளில் யான் அவருக்கு உரைத்த புத்திமதி, “மரத்தை விட்டுவிட்டு எழுதுவினைஞர் பரீட்சைக்குப் படி” என்பதாகும். பரீட்சை இருமுறையும் கைகூடவில்லை; இன்று சிறு கடை நடத்துகிறார். அவர் என்னைக் குறை கூறவில்லை. “ஐயா, மகள் உயர்தரத்தில் உயிரியல் கற்கிறாள், சுற்றாடல் துறையில் மேலே படிக்க விரும்புகிறாள். படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?” என்று மட்டும் வினவினார்.

அவ்வினா அவருடையது மட்டுமன்று, பெற்றோர் பலருடையது. ஆதலின் இங்கே விடை கூற முற்படுகின்றேன்.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. பெருந்திட்டங்கள் பலவற்றைத் தொடங்குமுன் அவற்றால் நீருக்கும் நிலத்துக்கும் நேரக்கூடிய கேட்டை ஆராய்தல் இன்று சட்டக் கடமை. அதற்கு நீரைச் சோதிப்போர், உயிரினங்களைக் கணக்கிடுவோர், செய்மதிப் படங்கொண்டு நிலப்படம் வரைவோர், சட்டம் கற்றோர் ஆகிய பலரும் வேண்டும். தக்க கொள்கைகள் கைக்கொள்ளப்படின் 2030ஆம் ஆண்டளவில் இத்தகைய பசுமைப் பொருளாதாரத்தில் உலகெங்கும் 2 கோடியே 40 இலட்சம் புதிய தொழில்கள் தோன்றலாம் எனச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது.

உலகக் கணக்கு கிடக்கட்டும். மாத்தளை மாவட்டத்தையே நோக்குவோம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின்போது இம்மாவட்டத்து மலைச்சரிவுகளும் சரிந்தன. எச்சரிக்கைக்கு மழைமானியைப் பார்ப்பவரும் மண்ணின் இயல்பறிந்தவரும் எத்துணை இன்றியமையாதவர் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. வடக்கே வறண்ட நிலத்தில் யானைக்கும் உழவனுக்குமிடையே ஓயாத பிணக்கு. அதனைத் தீர்க்க மின்வேலி மட்டும் போதாது. யானையின் வழியறிந்தவர் வேண்டும்.

குளங்களோ தனி நூலாக விரியத்தக்கவை. ஒன்றன் கீழ் ஒன்றாய்த் தொடரும் நம் குளத்தொகுதிகளை உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. அம்முறையில் குளத்தின் மேற்புறத்து மரச்செறிவு காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். புல்வெளி வண்டலை வடிக்கும். அணைக்கட்டுக்குக் கீழுள்ள ‘கட்டகடுவ’ என்னும் மரச்செறிவு கசியும் உப்பை வயலுக்குச் செல்லவிடாது ஏற்கும். இவற்றை அறியாது குளத்தைத் தோண்டி ஆழமாக்குவது மட்டும் திருத்தமாகாது. அறிந்து திருத்துவதற்குப் பொறியியலும் வேண்டும். ஊர் முதியவரின் நினைவும் வேண்டும்.

தம்புள்ளைக்கு அண்மையில் 1963இல் மரச்சோலை அமைக்கத் தொடங்கிய பொப்ஹாம் என்னும் ஆங்கிலேயரும் இதனையே கண்டார். நட்ட கன்றுகளைக் காட்டிலும், புதர் நீக்கி இடம்விட்டபோது தாமே முளைத்த உள்ளூர் மரங்கள் செழித்தன. நிலத்தைப் பார்த்துக் கற்ற பாடம் அது.

ஈண்டு என் குற்றமும் ஒன்றுண்டு. தமிழாசிரியராகிய யாம் ஐந்திணையைக் கற்பித்தோம். கருப்பொருளைப் பட்டியலாக மனனஞ் செய்வித்தோம். பாடசாலை முற்றத்து மரம் யாது என்று கேட்டோமல்லோம். கேட்டவனையும் எழுதுவினைஞர் பரீட்சைக்கு அனுப்பினோம்.

ஆயினும் பொய்யான நம்பிக்கை ஊட்டலாகாது. அரச பதவிகள் சிலவே. ஆங்கிலமும் கணினியும் அறியாதார்க்கு வாயில் குறுகியது. ஆகவே தமிழ்மூல மாணாக்கர்க்கு இத்துறை நூல்கள் தமிழில் வேண்டும். தொழில் வழிகாட்டல் நகரப் பாடசாலைகளோடு நின்றுவிடலாகாது. ஆட்சேர்ப்பில் களவறிவுக்கும் புள்ளி வழங்கப்படல் வேண்டும்.

மாணாக்கரிடம், “மகள் படிக்கட்டும், ஆங்கிலத்தையும் விடாது கற்கட்டும். ஆனால் மரங்களின் பெயரை நீரே அவளுக்குச் சொல்லிக்கொடும்” என்றேன். அவர் சிரித்தார். “எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டேன், ஐயா” என்றார்.