கும்பினி ஆண்ட ஊருக்கு ஓர் அங்கத நாவல்

பெருமுதலாளிகளுக்கும் மந்திரிகளுக்கும் இடையே தூது நடக்கும் தரகர்களைக் கதாபாத்திரங்களாக்கி ஓர் அங்கத நாவல் எழுத எவரேனும் சங்கற்பம் செய்துகொள்வாராயின், அவர் தில்லிக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதில்லை, புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியருகே ஒரு வீடு பிடித்துக் குடியேறினால் போதும் என்பது என் அபிப்பிராயம். பல ஊர்களில் சர்க்கார் முதலில் தோன்றிற்று. வியாபாரிகள் பின்னால் வந்து அதன் கதவைத் தட்டினார்கள். இங்கேயோ பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியே சர்க்காராக இருந்தது.

1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த தினப்படிச் சேதிக்குறிப்பில், 1746ல் கனகராய முதலி காலமானபின் காலியான தலைமைத் துபாசி உத்தியோகத்துக்கு யார் யார் கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளேக்ஸின் வாயிலாகப் பணம் பேசினார்கள் என்பதும், அந்த அம்மையாரின் தலையீடுகளால் மனிதர்கள் பட்ட பாடும் ஒளிவு மறைவின்றி வருகின்றன. ரங்கப்பிள்ளைக்கு முந்திய தலைமுறையில் நைனியப்பப் பிள்ளையின் கதை இன்னும் உக்கிரமானது. கும்பினிக்குத் தலைமைத் தரகராக விளங்கிய அவர், கவர்னர் எபேரின் பகைக்கு ஆளாகி, 1716ல் விசாரிக்கப்பட்டுக் கசையடியும் சிறைவாசமும் விதிக்கப்பெற்று, மறு வருஷமே சிறையில் மாண்டார். குடும்பத்தார் பிரான்சு வரை முறையிட்டதன் மேல், இறந்தவர் நிரபராதி என்று பின்னால் தீர்ப்பாயிற்று. கொடுத்து வாங்கும் உலகில் பெரியவர்கள் மனம் கோணினால் அகப்படுகிறவன் நடுவில் நிற்பவனே. ஆகையால் அங்கத நாவலுக்கு மந்திரியைவிடத் தரகனே தக்க நாயகன்.

இதே நாட்குறிப்பிலிருந்து நம்மூர்ப் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் சரித்திர நாவல்களைப் படைத்தார். இரண்டாவதற்கு 1995ல் சாகித்திய அகாதமிப் பரிசும் கிடைத்தது. இங்கே பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியைத் தொடங்கி நடத்திய இந்திரா பார்த்தசாரதியோ, தலைவர் ஒருவரின் குசினி வழியாக அதிகாரத்துக்குள் நுழையும் இளைஞனைச் 'சுதந்திர பூமி'யில் சிருஷ்டித்தார். ஆனால் அது தில்லியின் கதை. பாரதி பூங்காவை ஒட்டிய நமது சட்டசபை இன்னும் ஒரு பரிகாசக்காரருக்காகக் காத்திருக்கிறது. முப்பது பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மூவரை மத்திய சர்க்கார் நியமிக்கிறது. அம்மூவருக்கும் வாக்குரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2018ல் கூறிவிட்டது. இத்தனை சிறிய சபையில் இரண்டு பேர் நாற்காலியை மாற்றிப் போட்டால் மந்திரிசபையே ஆட்டம் காணும் என்பதை, 2021 பிப்ரவரியில் ராஜினாமாக்கள் அடுத்தடுத்து வந்து முதல் மந்திரி நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தபோது கண்டோம். அந்த ராஜினாமாக்களின் காரணங்களை ஆராய்வது இங்கே என் நோக்கமன்று. வாக்குகள் இவ்வளவு சொற்பமாக உள்ள இடத்தில் ஒவ்வொரு வாக்கின் மதிப்பும் எவ்வளவு உயரும் என்பதை ஒரு நாவலாசிரியர் கவனிக்காமல் விடக்கூடாது என்றே சொல்கிறேன்.

பெட்டி நிறையப் பணம் கைமாறும் காட்சியைச் சினிமாக்காரர்கள் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். வேண்டுவது வேறு: ஒரு லைசென்ஸ் விண்ணப்பம் மூன்று மாதம் அசையாமல் கிடந்து, ஒரு மத்தியானம் திடீரென்று மேஜைக்கு மேஜை தாவுவதும், விதியில் 'அல்லது' என்றிருந்த இடத்தில் 'மற்றும்' என்று எவரோ திருத்துவதும், அந்தத் திருத்தத்தை முதலில் கண்டுபிடிப்பவர் ஓய்வுபெற இரண்டு வாரமே உள்ள குமாஸ்தாவாக இருப்பதும். கொடுப்பவர் பெயரை மறைத்துக் கட்சிகளுக்குப் பணம் தர ஸ்டேட் வங்கியிலேயே பத்திரம் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2018 முதல், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தள்ளும் வரை, சட்டபூர்வமாகவே நடந்த தேசத்தில், ரகசியத்தை அம்பலப்படுத்துவதால் மட்டும் அங்கதம் பிழைக்காது. பகிரங்கமாய் நடப்பதே அதற்குக் கச்சாப் பொருள்.

விவாகத்துக்கும் வாரிசுரிமைக்கும் பிரெஞ்சுச் சட்டத்தையே அனுசரிக்கும் குடும்பங்கள் இவ்வூரில் இன்றும் உள்ளன. அதே பிரான்சில், அதிகாரிகளைச் சந்தித்துக் காரியம் பார்க்கும் தரகர்கள் பதிவேட்டில் தம் விவரங்களை எழுதியாக வேண்டும் என்று 2016ல் சட்டம் வந்தது. நாம் 1962லேயே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து முறைப்படி விடுபட்டுவிட்டதால் அது நமக்கு வாய்க்கவில்லை. இந்தியாவிலும் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. நாவலின் முதல் அத்தியாயத்தை, அந்தப் பதிவேட்டுப் படிவமொன்று தபால் பிசகிக் கடற்கரைச் சாலைத் தலைமைச் செயலகத்துக்கு வந்து சேர்வதில் தொடங்கலாம். அதை எந்த இலாகாவுக்கு அனுப்புவது என்று கோப்பு சுற்றி முடிவதற்குள் இருநூறு பக்கம் ஓடிவிடும்.