வீட்டு வரைவு எம்மொழியில்?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தகச் சோழனின் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. குடவோலையில் பெயரெழுதப் பெறுவோன் இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவனாகவும், தன்மனையில் வீடெடுத்து வாழ்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்பது அன்றைய வரையறை. (மறையோதலும் அத்தகுதிகளுள் ஒன்று. ஆகலின், அதனை முழுக் குடியாட்சி என்று கூத்தாடுவோர் சற்றே அடங்குதல் நன்று.) தன்மனையில் வீடு என்பதனை இன்று உழவரும் நெசவாளரும் கூலியாளரும் வாழ்நாள் ஈட்டம் அனைத்தையும் கொட்டி அடைகின்றனர். அவ்வாறு கொட்டுமுன் அவர்கள் கையில் தரப்பெறுவதோ, கோடுகளும் ஆங்கிலச் சொற்களும் நிறைந்த ஒற்றைத் தாள்.

தட்டையான வரைவைக் கண்டு வீட்டை மனக்கண்ணில் எழுப்புதல் பழகியோர்க்கே இயலும். படியேறுங்கால் மேல்தளம் தலையில் இடிக்குமா, மேலை வெயில் எவ்வறையிற் புகும், அடுக்களையிலிருந்து கொல்லைப்புறம் தெரியுமா என்பன வீட்டுத்தலைவிக்குச் சுவர் எழுந்த பின்னரே தெரியவருகின்றன. எழுந்த சுவரை இடித்தல் இரட்டைச் செலவு. மேலும், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டிற்கு, 2024 சூலையில் தமிழக அரசு தொடங்கிய தன்சான்று முறைப்படி இணையவழியே உடனடி இசைவு பெறலாம். தானே சான்றிடுவோன் தான் கட்டப்போவது இன்னதென அறியாமலே சான்றிடுவதா?

நீளம், அகலம், உயரம் என்னும் மூவளவிலும் வீட்டைக் கணினித் திரையில் எழுப்பிக் காட்டும் மென்பொருள்களின் பயன் இங்கேதான் உள்ளது. அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டும் என்பது பொய். பெயர் பெற்ற ஆட்டோகேடு 2016 முதல் விலைக்கு வாங்கி உடைமையாக்கத்தக்கதன்று. குடிக்கூலிபோற் காலந்தோறும் கட்டணம் கட்டல் வேண்டும். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பேசும் செக்கு மொழியில் அஃது உண்டு. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் தமிழில் இல்லை. அதன் திருட்டுப்படியைக் கணினியில் ஏற்றிக்கொள்ளுதல் பல கடைகளில் வழக்கம். அது களவு என்பதோடு, கையையும் அயலான் கருவிக்கே அடிமையாக்கும்.

எளிய குடும்பத்திற்கு ஏற்றது சுவீட் ஓம் திரீடி. கட்டணம் இல்லை, பழங்கணினியிலும் இயங்கும். மேற்பாதியிற் சுவரைக் கோடாக இழுத்தால் கீழ்ப்பாதியில் அவ்வீடு உயரத்தோடு எழுந்து நிற்கும். அடிக்கணக்கிலேயே அளவிடலாம். பொறிஞர் தந்த தாளைப் படியெடுத்து அடியிலிட்டு, அதன்மேலேயே சுவர் இழுக்கலாம். திசை, ஊர், நேரம் ஆகியவற்றைக் குறித்தால் அந்நேரத்து வெயில் விழும் பாங்கையும் படமாக்கித் தரும். ஓட்டுவீட்டின் சாய்கூரை அமைப்பதற்கு அது சற்றே இடர்ப்படும். தூண், கம்பி, கடைக்கால் ஆகியவற்றின் வலிமையை அது கணிக்காது. அதற்குப் பொறிஞரே வேண்டும்.

கட்டடத் தொழிலையே மேற்கொள்ளும் இளைஞர்க்கு பிரீகேடு தக்கது. அதுவும் கட்டணமற்றது, 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வெளிவந்தது. ஓர் அளவை மாற்றினால் அதனைச் சார்ந்தனவும் தாமே மாறும். ஆனாற் பயிலச் சில திங்கள் ஆகும். இசுகெட்சப்பு கைக்கு மிக எளிதே. எனினும் அதன் கட்டணமில்லா வடிவம் இணையத்தில் மட்டுமே இயங்குவது, தொழிலுக்குப் பயன்படுத்த இசைவும் அற்றது.

முற்கூறிய இரண்டும் திறந்த மூலத்தன. அவற்றின் சொற்பட்டியலை எவரும் தம் மொழியில் ஆக்கலாம், திருத்தலாம். நாழிகை நிழல் பார்த்துக் கயிறிட்டு மனை வகுத்த கட்டடப் புலவரை நெடுநல்வாடை காட்டுகின்றது. அத்தொழில்மொழி இன்னும் கொத்தனார் வாயிலும் தச்சர் வாயிலும் வாழ்கின்றது: நிலை, விட்டம், கைமரம், இறவாரம், நடை, கூடம், தாழ்வாரம், முற்றம். அவர்தம் மக்களோ 'பீம்', 'லிண்டல்', 'ஆல்' என்கின்றனர். உத்திரமேரூர் வட்டத்துத் தமிழாசிரியர்கள் விடுமுறை நாள்களில் முதுகொத்தனார்களோடு அமர்ந்து இச்சொற்களைத் தொகுத்துப் பட்டியலில் ஏற்றுதல் இயலாத செயலன்று. சுவீட் ஓம் திரீடியின் பொருட்குவையில் மெத்திருக்கைகள் பல உண்டு. ஊஞ்சலையும் ஆட்டுக்கல்லையும் திண்ணையையும் மூவளவில் ஆக்கிச் சேர்க்கவும் அதில் இடமுண்டு. வரையத் தெரிந்த மாணவரிடம் அப்பணியை இன்றே ஒப்படைக்கலாம்.