சத்தம் மட்டும் போதுமா?

காரைக்காலை அடுத்த தருமபுரம், பாட்டுக்குக் கருவி தோற்ற ஊர். சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் கூறும்.

கோவாவிலும் கருவியின் குறையோடு மல்லாடியவர் ஒருவர் உண்டு. 'டிரான்ஸ்' என்னும் ஆட்ட இசையை அஞ்சுனா கடற்கரையில் விடிய விடிய ஒலிக்க வைத்த கோவா கில். 1951-ல் அமெரிக்காவில் பிறந்து, 2023-ல் மறைந்தவர். பாட்டோடு பாட்டைக் கோக்கும் இவர்களை டி.ஜே. என்பார்கள். அவர் கையில் இருந்ததோ ஒலிநாடா. அதன் வேகத்தை இஷ்டம்போல் மாற்ற முடியாது. ஆகவே, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதிலேயே வித்தையைக் காட்டினார். நள்ளிரவில் முழக்கம், விடியலில் இதம்.

இன்று கணினி நொடியில் தாளத்தைப் பொருத்திவிடும். ஆடுவோர் களைத்ததை அது அறியுமா? டி.ஜே.தான் முகம் பார்க்க வேண்டும்! நம் ஊர்க் கல்யாணங்களிலோ சத்தத்தைக் கூட்டுவதையே திறமை என்று எண்ணுகிறார்கள். கைக்குழந்தை அலறுகிறது. பெரியவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார்கள்.